பாண்டா ஜோடி வருவதற்கு முன் மூங்கில் வந்துவிட வேண்டும்

பாண்டாவுக்குத் தயாராகும் உயிரியல் பூங்காக்கள் முதலில் கட்டடத்துக்கு வானம் தோண்டுகின்றன. அதற்கும் முன்னால் மூங்கிலைத் தேடுங்கள். வளர்ந்த பாண்டா ஒரு நாளைக்கு 12 முதல் 38 கிலோ வரை மூங்கில் தின்னும். தின்பது புல் என்றாலும் குடல் இன்னமும் ஊனுண்ணியின் குட்டைக் குடல்தான். உள்ளே போவதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் செரிக்கும், மிச்சம் அப்படியே வெளியே வந்துவிடும். ஒரே ஒரு நாள் வரத்து நின்றாலும் மாற்றாகப் போட வேறெதுவும் கிடையாது.

ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களை நிதானமாகப் படியுங்கள்: எத்தனை ஆண்டு, ஆண்டுத் தொகை எவ்வளவு, குட்டி யாருடையது. பாண்டாவைச் சீனா கடனாகத்தான் தருகிறது, உங்கள் பூங்காவில் பிறக்கும் குட்டியும் சீனாவுக்கே சொந்தம். பின்லாந்தின் அஹ்தாரி பூங்கா 80 லட்சம் யூரோவுக்கு மேல் செலவழித்து இருப்பிடம் கட்டியது. 2018-இல் 15 ஆண்டு ஒப்பந்தத்தில் வந்த ஜோடியைச் செலவு தாங்காமல் 2024 நவம்பரிலேயே திருப்பி அனுப்பியது. கட்டும் செலவோடு நிற்காமல் பராமரிப்புச் செலவையும் பத்தாண்டுக்குக் கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

மூங்கில்

ஒரே இனத்தை நம்பாதீர்கள். குறைந்தது மூன்று நான்கு இனங்கள், இரண்டு தனித்தனித் தோட்டங்கள் வேண்டும். மூங்கிலில் பல இனங்கள் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை ஒட்டுமொத்தமாகப் பூத்து மடியும். 1970-களின் நடுவில் சீனாவின் மின் மலைத்தொடரில் அப்படி மடிந்தபோது காட்டுப் பாண்டாக்கள் பட்டினியால் செத்தன. பருவத்துக்கு ஏற்ப அவற்றின் விருப்பமும் மாறும். வசந்தத்தில் முளை, பிறகு இலை, குளிர் முடியும் தறுவாயில் தண்டு. எந்த மாதம் எதைக் கேட்கும் என்பதை அதை வளர்த்த மையத்திலிருந்தே எழுதி வாங்குங்கள்.

தின்பதைப் போல இரண்டு மடங்கு வைத்தால்தான் அது முகர்ந்து பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியும். ஒரு ஜோடிக்கு நாளொன்றுக்கு 100 கிலோ வெட்டத் திட்டமிடுங்கள். சாலையோர மூங்கிலும் மருந்தடித்த மூங்கிலும் வேண்டாம். அதிகாலையில் வெட்டி, ஈரச் சாக்கு போர்த்தி, தண்ணீர் தூவும் குளிரறைக்கு உடனே கொண்டுவந்துவிடுங்கள். வாடியதைக் கண்டுபிடிப்பது எளிது. நீர் குறைந்ததும் இலை நீளவாக்கில் சுருண்டு மெல்லிய குழல் போலாகிவிடும். பாண்டா அந்தக் கொத்தைக் கையில் எடுக்கும், ஒருமுறை முகரும், ஓரமாக வைத்துவிடும். ‘சாப்பிட மாட்டேன் என்கிறது’ என்று மருத்துவரைக் கூப்பிடுவதற்கு முன் இலையைப் பாருங்கள்.

இருப்பிடம்

ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி உள்ளறை, தனித்தனி வெளி. நடுவில் ஒன்றையொன்று பார்க்கவும் முகரவும் மட்டும் வலைக்கதவு போதும். பெண் சினைக்குத் தயாராக இருப்பது ஆண்டுக்கு ஒருமுறை, இரண்டு மூன்று நாள்தான். மற்ற நாட்களில் சேர்த்துவிட்டால் சண்டையும் காயமும்தான் மிஞ்சும்.

வெப்பம் அதற்கு எதிரி. சிங்கப்பூரில் உள்ளறையை 18 முதல் 24 டிகிரிக்குள் வைக்கிறார்கள். குளிரூட்டி பழுதானால் தாங்க இரண்டாவது இயந்திரமும் ஜெனரேட்டரும் வேண்டும். மனிதக் காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலிகளும் அதற்குக் கேட்கும் என்பதால் பம்பு, மின்விசிறி, பக்கத்துக் கட்டுமானம் எல்லாவற்றையும் கருவி வைத்து அளந்துவிடுங்கள்.

நாய்க் காய்ச்சல் எனப்படும் டிஸ்டெம்பர் கிருமி பாண்டாவைக் கொல்லும். 2014 இறுதியில் சீனாவின் ஷான்சி மாகாண மீட்பு மையத்தில் பரவி ஐந்தைப் பலிகொண்டது. ஆகவே நாய், நரி எதுவும் நுழையாத வேலி, வாசலில் காலணி நனைக்கும் கிருமிநாசினித் தொட்டி, பாண்டா பிரிவுக்கென்று தனி ஆட்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பயணமும் முதல் வாரங்களும்

பயணப் பெட்டிப் பழக்கத்தைச் சில மாதங்களுக்கு முன்பே சீனாவில் தொடங்கச் சொல்லுங்கள். முதலில் இரு கதவும் திறந்திருக்க உள்ளே ஆப்பிள் வைப்பது, பிறகு ஒரு கதவை மூடுவது, பிறகு இரண்டையும் சில விநாடி மூடித் திறப்பது, அப்படியே மணிக்கணக்குக்குக் கொண்டுபோவது. அவசரப்படுத்தி ஒருநாள் பயந்துவிட்டால் மறுபடி முதல் படிதான். மயக்க மருந்து கொடுத்து ஏற்றுவது வேண்டாம். பழகிய பராமரிப்பாளரும் மருத்துவரும் விமானத்தில் கூடவே வர வேண்டும். ஓடுதளத்தில் குளிரூட்டிய வண்டி காத்திருக்கட்டும்.

அறைக்குள் பெட்டியைத் திறந்ததும் விலகிவிடுங்கள். அது தானாக வெளியே வரட்டும். காலிப் பெட்டியைச் சில நாள் அங்கேயே விட்டுவையுங்கள், அதன் சொந்த வாசனை அதில்தான் இருக்கிறது. அழைப்புச் சொற்களையும் மாற்றாமல் அது கேட்டுப் பழகிய சீனச் சொற்களையே உங்கள் ஆட்கள் கற்றுக்கொள்ளட்டும்.

குறைந்தது 30 நாள் தனிமை. தினமும் மூங்கிலை வைக்கும்போதும் மீந்ததை எடுக்கும்போதும் எடை போடுங்கள், சாணத்தையும் எடை போடுங்கள். இலை தின்றால் சாணம் கரும்பச்சை, தண்டு தின்றால் மஞ்சள். இடையில் ஒருநாள் சோர்ந்து சுருண்டு படுத்து, சளி போல வழவழப்பாகக் கழித்துவிட்டு மறுநாள் பழையபடி தின்னத் தொடங்கினால் அது பாண்டாவுக்கு வழக்கமானதே. இரண்டாம் நாளும் தின்னாமல், சாணமும் இல்லை என்றால் மருத்துவர் வர வேண்டும்.

திறப்பு நாளை முன்கூட்டியே அறிவிக்காதீர்கள். 2024 ஜூன் 27-இல் சான் டியேகோ வந்த ஜோடியை மக்கள் பார்த்தது ஆகஸ்ட் 8-இல். அக்டோபர் 15-இல் வாஷிங்டன் வந்தவற்றைப் பார்க்க 2025 ஜனவரி 24 ஆனது. முதலில் பூங்கா ஊழியர்களையே பத்துப் பத்துப் பேராகக் கண்ணாடிக்கு முன் நிறுத்திப் பாருங்கள். கூட்டம் நிற்கும்போதும் அது முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தால் வாசலைத் திறக்கலாம். ஒரே தடத்தில் முன்னும் பின்னும் நடக்கத் தொடங்கினால் இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.