கடனில் தத்தளிக்கும் படகுச் சேவையை மீட்கும் வழி

பழைய பாக்கியைக் கட்டிவிட்டு வாருங்கள் என்று டீசல் கடைக்காரர் வெறுங்கேனைத் திருப்பித் தரும் நாளில்தான் பெரும்பாலான சிறு படகுச் சங்கங்கள் தமது கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கின்றன. இலங்கை மலையக நீர்த்தேக்கமொன்றில் தோட்டத்து மக்களையும் பாடசாலைப் பிள்ளைகளையும் அக்கரை சேர்த்துவந்த சங்கமொன்றுக்கு நான் மூன்று ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். எங்களுக்கும் அந்த நாள் வந்தது. உறுப்பினர் ஒருவரின் நகையை அடகு வைத்து அந்தப் பாக்கியைத் தீர்த்தோம். இரண்டே மாதத்தில் அதே அளவு பாக்கி மறுபடியும் சேர்ந்துவிட்டது, நகையை மீட்கவும் வழியில்லாமல் போயிற்று. நாளாந்த ஓட்டத்தில் ஏற்படும் நட்டம் வேறு, ஏற்கெனவே சேர்ந்த கடன் வேறு என்பதை அப்போது நாங்கள் பிரித்துப் பார்க்கவில்லை. இவ்விரண்டையும் இரு தனித் தாள்களில் எழுதி முடிக்கும் வரை எவரிடமும் புதுக்கடன் வாங்காதீர்கள்.

முதல் தாள் ஓட்டத்துக்குரியது. படகில் ஒருவர் ஏறினாலும் நாற்பது பேர் ஏறினாலும் எரியும் டீசல் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே செலவை ஆளுக்கு இவ்வளவு என்று பார்க்காமல், போய்வரும் ஒரு நடைக்கு இவ்வளவு என்று பார்க்க வேண்டும். உதாரணமாக ஒரு நடைக்கு டீசல் 900 ரூபாய், படகோட்டியின் சம்பளம், பழுதுபார்ப்பு, காப்புறுதி ஆகியவற்றின் பங்கு 1,000 ரூபாய், ஓர் ஆளுக்குக் கட்டணம் 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழுச் செலவையும் ஈடுசெய்ய 32 பேர் ஏற வேண்டும். காலை நடையில் 40 பேர், மாலை நடையில் 20 பேர், நண்பகல் நடையில் 7 பேர் ஏறுகிறார்கள் என்றால், மாலையும் நண்பகலும் நட்டம் என்று சொல்லி இரண்டையும் நிறுத்தச் சொல்பவர்கள் சங்கத்தில் கட்டாயம் இருப்பார்கள். அது தவறு. மாலை நடையை நிறுத்தினால் மிச்சமாவது டீசல் மட்டுமே; சம்பளமும் காப்புறுதியும் எப்படியும் கட்ட வேண்டியவை. மாலை நடை 1,200 ரூபாய் கொண்டுவந்து, டீசல் போக 300 ரூபாயை அந்தச் செலவுகளுக்குக் கொடுக்கிறது. அதை நிறுத்தினால் சங்கத்தின் நிலைமை இன்னும் மோசமாகும். நண்பகல் நடையோ 420 ரூபாய்தான் கொண்டுவருகிறது, டீசலுக்கே போதாது. நிறுத்த வேண்டியது அதை மட்டுமே. இரண்டு வாரம் ஒவ்வொரு நடையிலும் ஏறியவர்களை எண்ணிக் குறித்துவைத்தால் இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் போட்டுவிடும்.

கட்டணத்தைத் தொடவே கூடாது என்ற மனநிலை பல சேவைகளைக் கவிழ்த்திருக்கிறது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த டீசல், அதே ஆண்டு ஜூன் மாத இறுதியில் 460 ரூபாயாயிற்று. அந்த ஆறு மாதத்தில் பழைய கட்டணத்திலேயே ஓடியவர்கள் ஒவ்வொரு நடைக்கும் தம் கையிலிருந்து காசு கொடுத்தே மக்களை ஏற்றினார்கள். டீசல் விலை இவ்வளவு ஏறினால் கட்டணம் இவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே பொதுக்கூட்டத்தில் தீர்மானித்து, அந்த அட்டவணையை இரு கரைகளிலும் ஒட்டிவைத்தால், ஒவ்வொரு தடவையும் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. தோட்டச் சம்பளம் கைக்கு வரும் நாளையொட்டி மாதச் சீட்டு விற்பதும் நல்லது. மாத நடுவில் கடன் சொல்லி ஏறுபவர்கள் அதனால் குறைகிறார்கள்.

மலையகத்தில் ஒரு மாதக் கணக்கை வைத்து ஆண்டை அளக்க முடியாது. நம் நீர்த்தேக்கங்கள் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை, நீர்மட்டம் படகுக்காகக் காத்திருப்பதில்லை. வறட்சியில் மவுசாகலை நீர்த்தேக்கத்தின் நீர் வற்றும்போது, அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயில் மேலே தெரிவதைப் பார்த்தவர்களுக்கு, இறங்குதுறை எவ்வளவு தூரம் உள்ளே தள்ளிப்போகும் என்பது தெரியும். சேற்றில் நடக்க விரும்பாதவர்கள் பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் வேறு சில நாட்கள் ஓட்டமே இராது. பன்னிரண்டு மாதங்களையும் வரிசையாக எழுதி, எந்த மாதம் கையில் காசு குறையும் என்று பாருங்கள்.

இரண்டாவது தாள் கடனுக்குரியது. யாருக்கு, எவ்வளவு, எந்தத் திகதியில் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அவர் என்ன செய்யமுடியும் என்பவற்றை எழுதுங்கள். எஞ்சினை லீசிங்கில் எடுத்திருந்தால் அந்தக் கம்பனி எஞ்சினையே கொண்டுபோய்விடலாம். மளிகைக் கடைக்காரரால் அது முடியாது. வேலையாட்களின் சம்பளத்தையும் ஊழியர் சேமலாப நிதியையும் பட்டியலின் முதலிடத்தில் வையுங்கள். சம்பளத்தில் ஊழியரின் 8 வீதம், தொழில்தருநரின் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம் என்பவை ஒரேயொரு படகோட்டி இருந்தாலும் கட்டவேண்டியவை. சேமலாப நிதியைத் தாமதித்தால் 5 வீதம் முதல் 50 வீதம் வரை மேலதிகமாக அறவிடப்படும். அதைவிட முக்கியமானது, அந்த 8 வீதம் படகோட்டியின் சம்பளத்திலிருந்து நாம் கழித்து வைத்த அவருடைய காசு என்பதாகும். அதில் டீசல் வாங்குவதை நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன்.

பட்டியல் முடிந்ததும் கடன் கொடுத்த எல்லோரையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் கூட்டி, இரு தாள்களின் பிரதியையும் ஒவ்வொருவருக்கும் கொடுங்கள். சத்தம் போடுபவருக்கு மட்டும் இரகசியமாகக் காசு கொடுத்தால், ஒரு வாரத்துக்குள் மற்றவர்களுக்கும் தெரிந்து நம்பிக்கை போய்விடும். எங்களைக் காப்பாற்றிய ஏற்பாடு மிக எளியது: பழைய பாக்கி எதற்கும் மூன்று மாதம் வட்டியும் தவணையும் கேட்பதில்லை, புதிய டீசலுக்கு அன்றன்றே கையில் காசு. கடைக்காரர் முதலில் தயங்கினார். சங்கம் மூடப்பட்டால் பாக்கியோடு நாளாந்த வியாபாரமும் போகும் என்பதைத் தாளில் பார்த்த பிறகு இணங்கினார்.

உங்கள் சேவை கம்பனியாகப் பதிவானதென்றால் இன்னொரு கடமையும் உண்டு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி, தேறிய சொத்து (கடன் போக மிஞ்சும் சொத்து) கூறப்பட்ட மூலதனத்தின் (பங்குகளுக்காகக் கம்பனி பெற்ற பணத்தின்) பாதியிலும் குறைந்துவிட்டதென்று பணிப்பாளர் ஒருவருக்குத் தெரியவந்தால், 20 வேலை நாட்களுக்குள் பங்குதாரர்களின் விசேட பொதுக்கூட்டத்துக்கு அழைப்பு விடுக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கமென்றால் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்கள உத்தியோகத்தரிடம் நேரத்தோடு சொல்லுங்கள்.

செலவு குறைக்கும்போது உயிர்காப்பு அங்கி, காப்புறுதி, ஏற்றும் ஆட்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றிலும் கைவைக்காதீர்கள். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஓடிய படகுப் பாதை (ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவை) கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தனர். கட்டணத்தால் நிறையாத பணப்பெட்டியை ஆட்களை நெருக்கி ஏற்றி நிறைக்கத் தோன்றும் மாலைகளில் அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

உதவி கேட்கும்போது, சங்கத்தைக் காப்பாற்றுங்கள் என்று பொதுவாகக் கேட்காமல், பாடசாலை நடைக்கு மாதம் இவ்வளவு குறைகிறது என்று பிரதேச சபையிடமோ தோட்ட நிர்வாகத்திடமோ முதல் தாளைக் காட்டிக் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2023 அக்டோபரில் தொடங்கி ஒரு வாரத்துக்குள் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் தொடங்கிய நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலுக்கே இந்திய அரசு நிதியுதவி வழங்கியது. ஆனால் உதவி கிடைத்ததும் பெரிய படகு வாங்கும் ஆசை வரும்; தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே 2011 ஜூனில், ஆயிரம் பேருக்கு மேல் ஏறக்கூடிய கப்பலுடன் தொடங்கிய சேவை அதே ஆண்டு நவம்பரில் நின்றுபோனதை மறக்காதீர்கள். காலை நடையில் ஏறுபவர்களின் எண்ணிக்கையே படகின் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

பழைய கடனை ஒதுக்கிவைத்தும் மூன்று மாத ஓட்டம் கையில் எதையும் மிச்சம் வைக்கவில்லையென்றால், நிறுத்துவதே நேர்மை. எஞ்சின் நல்ல நிலையில் இருக்கும்போதே விற்றால், சம்பளத்தையும் சேமலாப நிதியையும் முழுமையாகத் தீர்க்கலாம். கடைசி ஓட்டத்தின் திகதியை ஒரு மாதம் முன்னதாகவே இரு துறைகளிலும் எழுதி ஒட்டுங்கள், பாடசாலை அதிபரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். பிள்ளைகளைச் சுற்றுப் பாதையில் அனுப்பப் பெற்றோர் வேன் பேச வேண்டும், அதற்கு ஒரு சம்பள நாளாவது இடையில் வர வேண்டும்.