சென்டரின் தடுப்பாட்டத்தை மதிப்பிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூடைப்பந்தில் ஒரு சென்டரின், அதாவது பெரும்பாலும் கூடையருகே ஆடும் உயரமான ஆட்டக்காரரின், தடுப்பாட்டத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், அவர் ஆட்டத்துக்கு எத்தனை பிளாக் (எதிரணி எறிந்த பந்தைக் கூடையை எட்டுமுன் தட்டிவிடுவது) செய்கிறார் என்ற எண்ணே முதலில் முன்வைக்கப்படுகிறது. மதிப்பீட்டில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கேயே தொடங்குகின்றன. எதிரணி துணிந்து எறிந்த பந்து மட்டுமே பிளாக் ஆக முடியும். கூடையை நோக்கிப் பாய்ந்து வந்த கார்டு (பந்தைக் கொண்டுவரும் வெளிவட்ட ஆட்டக்காரர்), சென்டர் நிற்கும் இடத்தைக் கண்டதும் எறியாமல் பந்தை வெளியே திருப்பிவிட்டால், அது எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. 2012-13 பருவத்தில் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் பிளாக் சராசரியில் முதலிடம் பெற்றவர் செர்ஜ் இபாக்கா. ஆனால் அவ்வாண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதைப் பெற்றவர், ஆட்டத்துக்கு 1.7 பிளாக் மட்டுமே செய்த மெம்பிஸ் சென்டர் மார்க் கசோல். அதே பருவத்தில் பயிற்சியாளர்கள் வாக்களித்துத் தேர்ந்த தடுப்பாட்ட அணிகளில் கசோலுக்கு இரண்டாம் அணியில்தான் இடம் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டத்தை நன்கறிந்தவர்களிடையே கூட ஒரே சென்டரைப் பற்றி இவ்வளவு வேறுபட்ட முடிவுகள் எழக்கூடும்.

பிளாக் எண்ணிக்கையை மட்டும் நம்புபவர்கள், தட்டப்பட்ட பந்து எங்கே போனது என்பதையும் கேட்பதில்லை. பார்வையாளர் வரிசைக்குள் அடிக்கப்பட்ட பந்து எதிரணிக்கே திரும்புகிறது. ஆட்டக்களத்துக்குள் மென்மையாகத் தட்டப்பட்ட பந்து சொந்த அணியின் வேகத் தாக்குதலாக மாறக்கூடும். பாஸ்டன் அணியின் முன்னாள் சென்டர் பில் ரஸ்ஸல் இரண்டாவது வகைக்குப் பெயர் பெற்றவர். என்.பி.ஏ. பிளாக்குகளை அதிகாரபூர்வமாகப் பதிவுசெய்யத் தொடங்கியது 1973-74 பருவத்தில்தான். 1969-இல் ஓய்வு பெற்ற அவருக்கு ஏட்டில் ஒரு பிளாக் கூட இல்லை. எண் இல்லாததால் செயலும் இல்லை என்று ஆகிவிடாது.

கூடைக்கு அருகில் எதிரணியின் எறிதல் விழுக்காடு பிளாக்கைவிடப் பயனுள்ள அளவுகோல். 2013-14 முதல் எல்லா என்.பி.ஏ. அரங்குகளிலும் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டதால் இது கிடைக்கிறது. ஆயினும் அதைத் தனியாகப் படிப்பது ஆபத்தானது. தாமதமாகவேனும் ஓடிவந்து ஒவ்வொரு எறிதலையும் எதிர்கொள்ளும் சென்டரின் விழுக்காடு, எளிதாக எட்டக்கூடியவற்றுக்கு மட்டும் கை உயர்த்தும் சென்டரின் விழுக்காட்டைவிட மோசமாகத் தெரியலாம். ஆகவே அவர் எத்தனை எறிதல்களை எதிர்கொண்டார் என்பதையும், அவர் களத்தில் இருக்கும்போது எதிரணி கூடைக்கு அருகில் எவ்வளவு அடிக்கடி எறியத் துணிகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இவ்விரண்டில் பின்னதையே நான் பெரிதும் மதிக்கிறேன்.

சென்டர் களத்தில் இருக்கும்போதும் இல்லாதபோதும் அணி விட்டுக்கொடுக்கும் புள்ளிகளை ஒப்பிடும் முறையில் வேறொரு பிழை ஒளிந்திருக்கிறது. எதிரணி 100 பொசெஷன்களில் (பந்து கையில் இருக்கும் தாக்குதல் வாய்ப்புகளில்) 35 மூன்று புள்ளி எறிதல்களை முயல்வதாகக் கொள்வோம். அவற்றில் 33 விழுக்காட்டுக்குப் பதிலாக 38 விழுக்காடு உள்ளே விழுந்தால், அந்த ஒரு காரணத்தாலேயே 5 புள்ளிகளுக்கும் மேற்பட்ட வேறுபாடு உண்டாகிறது. மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியப்படும் பந்தைக் கூடையருகே நிற்கும் சென்டர் கட்டுப்படுத்துவது அரிது. சில வார ஆட்டங்களில் அந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் தற்செயலே. அவருக்குப் பதிலாக இறங்கும் மாற்று ஆட்டக்காரர் எத்தகையவர், முன்னால் நிற்கும் கார்டுகள் யார் என்பவையும் அதே எண்ணுக்குள் கலந்திருக்கின்றன.

காட்சிப் பதிவுகளைப் பார்ப்பவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு, சென்டரிடம் என்ன பணி ஒப்படைக்கப்பட்டது என்பதை அறியாமலே தீர்ப்பு வழங்குவது. டிராப் முறையில் ஆடும் சென்டர், ஸ்கிரீனுக்கு (பந்தோடு வருபவரை விடுவிக்க அவருடைய சக வீரர் தடுப்பாட்டக்காரரின் வழியை மறித்து நிற்பது) பின்னால் இறங்கி நின்று கூடையைக் காக்கிறார். நடுத்தூர எறிதல் எளிதாகக் கிடைப்பது அங்கே அவருடைய சோம்பல் அன்று, பயிற்சியாளர் தெரிந்தே கொடுத்த விலை. ஸ்விட்ச் முறையில், அதாவது ஸ்கிரீன் வந்ததும் காக்கும் ஆளைச் சக வீரருடன் மாற்றிக்கொண்டு, ஆடுபவர் விரைவான கார்டைத் தனியாக எதிர்கொள்கிறார். அவர் சில முறை தாண்டப்படுவது எதிர்பார்க்கத்தக்கதே. 2018-19, 2019-20 பருவங்களில் மில்வாக்கி பக்ஸ் அணியின் டிராப் தடுப்பில் மையமாக நின்றவர் புரூக் லோப்பஸ். இரு பருவங்களிலும் ஆட்டத்துக்கு 5-க்கும் குறைவான ரீபவுண்டுகளே (உள்ளே விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது) அவர் கணக்கில் உள்ளன; அணியோ, 100 பொசெஷன்களுக்கு விட்டுக்கொடுத்த புள்ளிகளின் அடிப்படையில், இரு பருவங்களிலும் லீக்கின் முதல் இடத்தில் இருந்தது. எதிராளியை உடலால் மறித்து நிறுத்தி, பந்தைச் சக வீரர் எடுக்கவிடும் சென்டரின் உழைப்பைக் காட்சிப் பதிவில்தான் காண முடியும்.

துண்டுக் காட்சிகள் எப்படித் தவறாக வழிநடத்துகின்றன என்பதற்கு 2021 ஜூன் 18 அன்று யூட்டா ஜாஸ் அணிக்கும் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணிக்கும் நடந்த பிளேஆஃப் (பருவ இறுதி நாக்அவுட்) தொடரின் ஆறாவது ஆட்டத்தைச் சொல்லலாம். 25 புள்ளிகள் பின்தங்கியிருந்த கிளிப்பர்ஸ் 131-119 என்று வென்றது. அவ்வணியின் டெரன்ஸ் மான் 39 புள்ளிகள் எடுத்தார். அவர் மூலையிலிருந்து எறியும் கணத்தில் படத்தை நிறுத்தினால், யூட்டாவின் சென்டர் ரூடி கோபேர் தொலைவில் நிற்பதும் தாமதமாக ஓடிவருவதும் மட்டுமே தெரியும். அதே காட்சியைச் சில நொடிகள் பின்னோக்கி ஓட்டினால், வெளிவட்டத் தடுப்பாட்டக்காரர் முதல் அடியிலேயே தாண்டப்பட்டதும், கூடையைக் காக்கக் கோபேர் உள்ளே இறங்க நேர்ந்ததும் புலப்படும். இதனால் அவருக்குப் பொறுப்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஐந்து பேருமே வெளியிலிருந்து எறியக்கூடிய குழுவைக் களமிறக்கி, கூடையா மூலையா என்று அவரைத் தேர்ந்தெடுக்க வைத்தது கிளிப்பர்ஸின் திட்டம். அத்தகைய குழுவுக்கு எதிராக அவருடைய பயன் குறைகிறது என்பது மெய்யான குறை. அவர் மோசமான தடுப்பாட்டக்காரர் என்பது அக்காட்சியிலிருந்து பெற முடியாத முடிவு.

ஆகவே பார்க்கும் பொசெஷன்களை விளைவைக் கொண்டு தேர்ந்தெடுக்கக் கூடாது. நான்கைந்து ஆட்டங்களை எடுத்து, அவற்றில் அந்தச் சென்டர் எதிர்கொண்ட பிக் அண்ட் ரோல் (ஸ்கிரீன் வைத்தவர் உடனே கூடையை நோக்கி ஓடும் தாக்குதல்) அனைத்தையும், பந்து விழுந்தாலும் விழாவிட்டாலும், வரிசையாகப் பார்ப்பது நல்லது. கண் பந்தின் பின்னால் போகாமல் அவருடைய கால்களில் நிலைக்க வேண்டும்: ஸ்கிரீன் வரும்முன் எங்கே நின்றார், கையசைத்துச் சக வீரரை எச்சரித்தாரா, முதல் எறிதலை எதிர்கொண்டபின் இரண்டாவது முறை எழும்ப ஆயத்தமாக இருந்தாரா.

வெவ்வேறு லீக்குகளின் எண்களை அப்படியே ஒப்பிடுவதும் தவறு. 2001-02 முதல் என்.பி.ஏ.வில், எதிராளி எவரையும் நெருங்கிக் காக்காத தடுப்பாட்டக்காரர் கூடைக்கு முன்னுள்ள பகுதியில் 3 நொடிகளுக்கு மேல் நிற்க முடியாது. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிகளில் அந்தத் தடை இல்லை. மேலும் அங்கே களத்திலிருந்து எறிந்த பந்து வளையத்தில் பட்டுவிட்டால், உள்ளே விழும் நிலையில் இருந்தாலும் தடுப்பவர் அதைத் தட்டிவிடலாம். ஃபீபா விதிகளின் கீழ்க் கூடையடியிலேயே நின்று பழகிய சென்டர் என்.பி.ஏ.வுக்கு வரும்போது, அவருடைய எண்களைவிட, வெளியே போய்த் திரும்ப உள்ளே வரும் கால்வேகமே முதலில் ஆராயத்தக்கது.