தீவுக்குக் கப்பலில் போவதா, கரையில் தங்குவதா? மணிக்கணக்கு போட்டு முடிவெடுக்கும் முறை

வெப்பமண்டலத் தீவுகளுக்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கும். "7 இரவு, 4 தீவு" என்று அழைக்கும் சொகுசுக் கப்பல் ஒன்று. ஒரே தீவில் கடலோரமாக ஓர் அறை எடுத்துத் தங்குவது மற்றொன்று. இரண்டின் மொத்த விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஏனென்றால் இரண்டும் ஒரே சரக்கு இல்லை.

ஒப்பிட ஒரு நல்ல அளவுகோல் உண்டு. தீவின் மண்ணில், பகல் வெளிச்சத்தில், உங்கள் இஷ்டத்துக்குக் கிடைக்கும் மணிநேரம் எவ்வளவு? ஒரு தாள், ஒரு பேனா, கப்பலின் பயண அட்டவணை, விமான நேரம். இவை இருந்தால் ஒரு மாலையில் கணக்கை முடித்துவிடலாம்.

படி 1: எதற்காகப் போகிறீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள்

எழுதியதை வாசித்துப் பாருங்கள். "எல்லாத் தீவையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்", "வயதான பெற்றோர் அலையாமல் வர வேண்டும்", "கடலைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்க வேண்டும்" என்ற மாதிரி வந்தால் கப்பல் பக்கம் சாயலாம்.

"டைவிங் கற்றுக்கொள்ள வேண்டும்", "மலைமேல் சூரிய உதயம் பார்க்க வேண்டும்", "கடற்கரையில் இரவு வானம் பார்க்க வேண்டும்" என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம், கரைதான். டைவிங் தொடக்கப் பயிற்சிக்கு வழக்கமாக 3, 4 நாள் ஆகும். ஒரு துறைமுகத்தில் சில மணிநேரமே நிற்கும் கப்பலில் அது நடக்காது. மாலை 5 மணிக்குக் கிளம்பிவிடும் கப்பலில் இருந்துகொண்டு தீவின் அஸ்தமனத்தைக் கரையில் நின்று பார்க்கவும் முடியாது.

படி 2: மாதத்தைப் பாருங்கள்

அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பர் நடுவாக்கில். கரீபியன் தீவுகள் இந்த வரம்புக்குள் வருகின்றன. அருபா, பொனேர், குராசாவ் மூன்றும் தெற்கே தென் அமெரிக்கக் கரையை ஒட்டி இருப்பதால் புயல் நேரடியாகத் தாக்குவது அபூர்வம். தென் பசிபிக்கிலும் தென் இந்தியப் பெருங்கடலிலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை கவனம் தேவை. நிலநடுக்கோட்டை ஒட்டிய சுமார் 5 பாகைக்குள் புயல் உருவாவதே அரிது. பூமிச் சுழற்சியால் காற்றைத் திருப்பும் விசை அங்கே மிகக் குறைவு என்பதுதான் காரணம்.

புயல் பருவத்தில் கப்பலுக்கு ஒரு வசதி உண்டு: அது விலகிப் போய்விடும். விடுதியால் நகர முடியாது. ஆனால் விலகும் கப்பல், நீங்கள் ஆசைப்பட்ட தீவையும் விட்டுவிட்டுப் போகும். துறைமுகத்தை மாற்றவோ தவிர்க்கவோ கப்பல் நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று பயண ஒப்பந்தத்திலேயே இருக்கும். வழக்கமாகத் துறைமுக வரி திரும்ப வரும், பயணக் கட்டணம் வராது. ஆகவே ஒரு குறிப்பிட்ட தீவுதான் உங்கள் கனவு என்றால் அந்தப் பருவத்தில் கப்பலை நம்பாதீர்கள். எந்த வழியில் போனாலும் பயணக் காப்பீட்டை முன்பதிவோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுக்கும் காப்பீடு அந்தப் புயலுக்குப் பொதுவாகச் செல்லாது.

படி 3: மணிநேரத்தை எண்ணுங்கள்

இதுதான் முக்கியமான படி. நிதானமாகச் செய்யுங்கள்.

7 இரவுக் கப்பல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் மாலை 4 மணிக்குக் கிளம்புகிறது. அடுத்த ஆறு நாளில் மூன்று துறைமுகம், மூன்று கடல் நாள். எட்டாம் நாள் காலையில் இறக்கிவிடுகிறார்கள். அட்டவணையில் "காலை 8 – மாலை 5" என்று போட்டிருக்கும். அது கப்பல் கட்டப்படும் நேரமும் கிளம்பும் நேரமும். 8 மணிக்குக் கட்டிய கப்பலில் அதிகாரிகள் அனுமதி கொடுத்து, பல ஆயிரம் பேர் வரிசையில் நகர்ந்து, நீங்கள் படியிறங்க 45 நிமிடம் கழிந்துவிடும். கிளம்புவதற்கு அரை மணி முன்னால், சில இடங்களில் ஒரு மணி முன்னால், எல்லோரும் கப்பலுக்குள் இருக்க வேண்டும். திரும்பும் சாலையில் நெரிசலுக்கென்று இன்னும் முக்கால் மணியை ஒதுக்குங்கள். 9 மணிநேரம் 7 ஆகிவிட்டது.

டெண்டர் துறைமுகமா என்று பாருங்கள். கிராண்ட் கேமன், பெலீஸ் சிட்டி, போரா போரா போன்ற இடங்களில் பெரிய கப்பல்கள் கரையோரம் கட்டுவதில்லை. தள்ளி நின்று சிறு படகுகளில் ஆட்களை ஏற்றி அனுப்புகின்றன. எண் போட்ட சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டும். போக வர மேலும் ஒரு மணிநேரம் கழியுங்கள். அலை உயர்ந்தால் முதலில் ரத்தாவதும் இந்தத் துறைமுகங்கள்தான்.

மூன்று துறைமுகங்களில் ஒன்று டெண்டர் என்று வைத்துக்கொண்டால், இந்தப் பயணத்தில் 7 + 7 + 6 = 20 மணிநேரம்.

இப்போது அதே 7 இரவைக் கரையில் எண்ணுங்கள். வெப்பமண்டலத்தில் பகல் ஏறத்தாழ 11 முதல் 13 மணிநேரம். ஆறு முழு நாளுக்கு 11 வீதம் 66. மழை, ஓய்வு, கடைக்குப் போவது என்று நாளுக்கு 3 மணிநேரம் தாராளமாகக் கழித்தாலும் 48 நிற்கிறது. அதுபோக ஏழு இரவுகளும் தீவிலேயே.

மூன்று தீவுகளைக் கரைவழியாகவே பார்க்க ஆசைப்பட்டால் ஒவ்வொரு இடமாற்றமும் அரை நாளை விழுங்கும். காலை 11 மணிக்கு அறையைக் காலிசெய்து, விமானம் பிடித்து, புதிய அறை 3 மணிக்குக் கையில் வரும்வரை அந்த நாள் உங்களுடையது இல்லை. கரீபியனில் கண்ணுக்கெட்டும் தூரத்துத் தீவுக்குக்கூட மூன்றாவது தீவு வழியாக விமானம் மாறிப் போக வேண்டி வரலாம். இரண்டு மாற்றத்துக்கு 12 மணி கழித்தால் 36. மணிக்கணக்கில் இன்னும் கரைதான் முன்னால். ஆனால் பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதும் உங்கள் தலையில். நீங்கள் தூங்கும்போதே அடுத்த தீவுக்குக் கொண்டுபோய் விடுவது கப்பலின் உண்மையான பலம். அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

தூரத்தையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். கப்பல் சுமார் 20 நாட், அதாவது மணிக்கு 37 கி.மீ. வேகத்தில் போகும். ஓர் இரவில் 400 கி.மீ. அளவுக்குள் இருக்கும் தீவுகளுக்குத்தான் கப்பல் கச்சிதம். கலிபோர்னியாவிலிருந்து ஹவாய் சுமார் 4,000 கி.மீ.; போக 4, 5 நாள், வர 4, 5 நாள். 15 நாள் பயணத்தில் தீவில் கால் வைப்பது நான்கைந்து நாள் மட்டுமே. ஹவாயைக் கப்பலில்தான் சுற்ற வேண்டும் என்றால் ஹொனலூலுவில் ஏறி அங்கேயே இறங்கும் பிரைட் ஆஃப் அமெரிக்கா கப்பலைப் பாருங்கள்: 7 இரவில் நான்கு தீவுகள், மாவியிலும் கவாயிலும் இரவும் நிற்கும்.

படி 4: செலவை இரண்டு பத்தியாக எழுதுங்கள்

கப்பல் பத்தியில் கட்டணத்துக்குக் கீழே இவற்றையும் சேருங்கள்: துறைமுக வரி, தலைக்கு நாள்வீதம் பிடிக்கும் டிப்ஸ் (குழந்தைக்கும் உண்டு), மதுவும் குளிர்பானமும், வைஃபை, கரைச் சுற்றுலா, ஏறும் துறைமுகத்துக்கு விமானம், முந்தைய இரவு விடுதி. தனியாகப் போகிறவர் பல கப்பல்களில் இருவர் கட்டணத்தையே கொடுக்க வேண்டியிருக்கும்.

கரைப் பத்தியில் அறை வாடகை, விடுதி வரி, மூன்று வேளைச் சாப்பாடு, வாடகைக் கார், பெட்ரோல், பார்க்கிங், தீவுக்குள் படகு அல்லது கடல் விமானம். முதல்முறை போகிறவர்கள் மறப்பது கடைசியில் சொன்னதைத்தான். மாலத்தீவில் ரிசார்ட்டுக்குப் போகும் கடல் விமானக் கட்டணமே பெரிய தொகை.

இரண்டு மொத்தத்தையும் படி 3-இல் வந்த மணிநேரத்தால் வகுங்கள். கப்பலில் இருக்கும் நேரமும் உங்களுக்கு இன்பம்தான் என்றால் அதையும் மணிநேரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். இதில் உங்களிடம் நீங்களே நேர்மையாக இருங்கள்.

படி 5: கூட வருகிறவர்களின் உடம்பு

குமட்டல் பயம் உள்ளவருக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேபின் எடுங்கள். சீசா பலகையில் நுனியைவிட நடு குறைவாக ஆடுவதுபோல, அங்கே ஆட்டம் குறைவு. முன்முனையில் உயரத்தில் இருக்கும் பால்கனி அறை அழகாகத்தான் இருக்கும், ஆட்டமும் அங்கேதான் அதிகம். மருந்தைக் குமட்டல் தொடங்கிய பின் போட்டால் பெரிதாகப் பலன் இராது. மருத்துவரிடம் கேட்டு முன்கூட்டியே போட வேண்டும்.

சக்கர நாற்காலிக்கு ரிசார்ட் மணலைவிடக் கப்பலின் லிஃப்டும் சமதளமும் வசதி. ஆனால் டெண்டர் படகில் ஏற்ற அனுமதி கிடைக்காமல் போகலாம் என்பதை முன்பே விசாரியுங்கள்.

படி 6: சறுக்கும் இடங்கள்

கடிகாரம்தான் கப்பல் பயணியின் முதல் எதிரி. பல கப்பல்கள் தீவின் நேரம் மாறினாலும் தங்கள் நேரத்தை மாற்றுவதில்லை. உங்கள் கைப்பேசியோ கரையில் சிக்னல் பிடித்ததும் தானாக உள்ளூர் நேரத்துக்குத் தாவிவிடும். கைப்பேசியில் 3.30, கப்பலில் 4.30, கடைசி ஏற்றம் 4.30! இதைத் தவிர்க்க, கையில் சாதாரணக் கடிகாரம் ஒன்றைக் கட்டி, இறங்குமுன் கப்பல் நேரத்தோடு ஒத்துப் பாருங்கள். நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாக அமர்த்திய வண்டி தாமதமானால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டும். கடலில் இருக்கும்போது கைப்பேசி ஏரோபிளேன் மோடில் இருக்கட்டும். கப்பல் நெட்வொர்க்கின் ரோமிங் கட்டணம் கையைச் சுடும்.

கரையில் தங்குகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் தீவின் பக்கத்தைப் பார்க்காமல் அறை எடுப்பதில். கிழக்கிலிருந்து தொடர்ந்து வீசும் வியாபாரக் காற்று வந்து மோதும் பக்கம் பச்சைப் பசேல் என்று இருக்கும், மழையும் கொட்டும். மலைக்கு மறுபக்கம் வெயிலும் அமைதியான கடலும். ஹவாய்த் தீவில் கிழக்கே உள்ள ஹிலோவில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் மழை. மேற்கே கோனா வறண்ட பகுதி. இரண்டும் ஒரே தீவுதான். ஸ்நோர்க்கெலிங் ஆசை உள்ளவர்கள் காற்று மறைவுப் பக்கம் தங்கி, காற்று எழுமுன் காலையிலேயே தண்ணீரில் இறங்க வேண்டும்.

மாலத்தீவில் ரிசார்ட்டுக்குப் போகும் கடல் விமானம் பகலில் மட்டும்தான். உங்கள் விமானம் மாலையில் தரையிறங்கினால் அந்த இரவு மாலே அல்லது ஹுல்ஹுமாலேயில்தான். டைவ் செய்கிறவர்கள் ஊர் திரும்பும் விமானத்துக்கு முன் குறைந்தது 18 மணிநேரம் இடைவெளி விடுங்கள். சன்ஸ்கிரீன் வாங்கும்போது குப்பியின் பின்பக்கம் பாருங்கள்: பவளப்பாறைகளைக் காக்க, ஆக்ஸிபென்சோனோ ஆக்டினாக்ஸேட்டோ கலந்தவற்றின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது.

படி 7: முன்பதிவு வரிசை

கணக்கு இழுபறியாக வந்தால் இரண்டையும் சேருங்கள். கப்பல் கிளம்பும் தீவிலோ அதன் பக்கத்துத் தீவிலோ முன்னால் மூன்று இரவு தங்குவது எங்கள் பார்வையில் முதல்முறை போகிறவர்களுக்கு மிகப் பொருத்தமான ஏற்பாடு. தாஹிட்டித் தீவின் பாபீட்டேயில் ஏறுகிறவர்கள் பக்கத்துத் தீவான மூரேயாவில் அந்த இரவுகளைக் கழிக்கலாம். படகில் ஒரு மணிநேரம்கூட ஆகாது. விமானம் தாமதமானாலும் கப்பல் தப்பாது.

முதலில் பாஸ்போர்ட்டில் 6 மாத ஆயுள் இருக்கிறதா, வழியில் வரும் ஒவ்வொரு நாட்டுக்கும் விசா வேண்டுமா என்று பாருங்கள். இடையில் ஒரு நாட்டை விட்டு மறுபடி நுழைந்தால் பலமுறை நுழைவு விசா தேவைப்படும். அடுத்து கப்பல் அல்லது அறை, பிறகு விமானம், கூடவே காப்பீடு. இறங்கும் நாளில் நண்பகலுக்குப் பிந்தைய விமானத்தையே எடுங்கள்.

ஏறும் நாளில் பெரிய பெட்டி கேபினுக்கு வரப் பல மணிநேரம் ஆகும் என்பதால் மருந்து, பாஸ்போர்ட், நீச்சல் உடை கைப்பையில் இருக்கட்டும். கடைசி இரவு பெட்டியைக் கேபின் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். வைக்குமுன் மறுநாள் காலை போட வேண்டிய உடையையும் செருப்பையும் வெளியே எடுத்துவிட்டீர்களா என்று ஒருமுறை பாருங்கள்.