பெரிய தலைப்பிலிருந்து ஆய்வுக் கேள்விக்கு இறங்குவது எப்படி

ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான்: சமூக ஊடகமும் இளைஞர் மனநலமும், பொய்ச்செய்தி, தனிமை, ஏற்றத்தாழ்வு, காலநிலை குறித்த மனப்பான்மை, செயற்கை நுண்ணறிவு. சமூக அறிவியலும் நடத்தை அறிவியலும் இன்று உலகெங்கும் பேசிக்கொண்டிருப்பவை இவைதான், அதனால் பட்டியலில் குறையில்லை. ஆனால் இவற்றில் ஒன்றுகூட ஆய்வுக் கேள்வி இல்லை. நெறியாளராக நான் முதலில் கேட்பது இதுதான்: "இந்தத் துறையில் யாருக்கும் யாருக்கும் சண்டை? எதைப் பற்றி?"

நல்ல தரவு வைத்திருக்கும் இரண்டு தரப்பு ஒத்துப்போகாத இடத்தில்தான் கேள்வி இன்னும் திறந்திருக்கிறது. அங்கே ஒரு மாணவர் ஒழுங்காக எடுக்கும் சின்ன அளவீடுகூடப் பயன்படும். எல்லோரும் தலையாட்டும் இடத்துக்குப் போனால், இருக்கிற ஆயிரம் கட்டுரைகளோடு ஆயிரத்தொன்றாவது சேரும், அவ்வளவுதான்.

சண்டையைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் வந்த ஒரு தொகுப்பாய்வுக் கட்டுரையை, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்க்கும் கட்டுரையை, எடுங்கள். கூகுள் ஸ்காலரில் அதை மேற்கோள் காட்டிய கட்டுரைகளைத் திறந்து, தலைப்பில் மறுப்பு, பதில், மறுபகுப்பாய்வு என்று வருபவற்றை மட்டும் பொறுக்குங்கள். இரண்டு தரப்பையும் படிக்கும்போது முன்னுரையை விட்டுவிட்டு நேராக ஆய்வுமுறைப் பகுதிக்குப் போங்கள். முன்னுரையில் இருவரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். எதை அளந்தார்கள், யாரிடம் அளந்தார்கள் என்று வரும்போதுதான் பிரிவார்கள்.

சமூக ஊடகத்தையே எடுத்துக்கொள்வோம். 2019இல் உளவியல் ஆய்வாளர்கள் ஆமி ஆர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் மூன்று பெரிய கணக்கெடுப்புகளிலிருந்து 3,55,358 பதின்பருவத்தினரின் தரவை எடுத்து, நியாயமாகச் செய்யக்கூடிய பகுப்பாய்வுகளை ஆயிரக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார்கள். மனநல வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாட்டோடு சேர்ந்து மாறுவது அதிகபட்சம் 0.4% என்று வந்தது. உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பும் ஏறக்குறைய இதே அளவு என்று அவர்கள் காட்டியது பரவலாகப் பேசப்பட்டது. மறுதரப்பில் உளவியலாளர்கள் ஜீன் ட்வெங்கியும் ஜோனதன் ஹைட்டும் ஒரு கேள்வி எழுப்பினார்கள்: தொலைக்காட்சியையும் சமூக ஊடகத்தையும், ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்தால் பாதிப்பு கரைந்துதானே போகும்? இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பழைய ஆய்வுகளில் பெரும்பாலானவை "நாளுக்கு எவ்வளவு நேரம் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு வந்த பதிலை எழுதிக்கொண்டவை. 2021இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, அப்படிச் சொல்லும் நேரம் கருவியில் பதிவாகும் நேரத்தோடு சுமாராகத்தான் பொருந்துகிறது என்று காட்டியது. சரி, காரணம் எது, விளைவு எது? 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன் பொருளியலாளர் ஹன்ட் ஆல்காட்டின் குழு, பணம் கொடுத்து நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்தச் சொன்னது. மனநிறைவு சற்றே கூடியது, செய்தி அறிவு குறைந்தது. ஆனால் அது பெரியவர்களிடம் செய்த சோதனை.

இந்த ஒரு பத்தியில் எத்தனை கேள்விகள் கிடக்கின்றன பாருங்கள். எந்தப் பயன்பாடு, யாருடையது, எப்படி அளந்தது, எது எதற்கு முன்னால் நடந்தது. இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். யார், எது, எதோடு ஒப்பிட்டு, எதைக் கொண்டு அளந்து என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். "சமூக ஊடகம் மனநலத்தைப் பாதிக்கிறதா?" என்பதில் நான்கில் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. இப்படி மாற்றலாம்: "15 முதல் 17 வயதுள்ள பெண்களிடம், தூங்கப்போகும் முன் ஒரு மணி நேரத்தில் கைபேசியில் பதிவான சமூக ஊடக நேரம் வழக்கத்தைவிடக் கூடும் நாட்களுக்கு மறுநாள், மனநிலை மதிப்பெண் அவரவருடைய வழக்கமான நாட்களைவிடக் குறைகிறதா?" வாக்கியம் நீளம்தான், அழகாகவும் இல்லை. ஆனால் நாளைக்கே இதற்குத் தரவு எடுக்கத் தொடங்கலாம். "அவரவருடைய வழக்கமான நாட்களைவிட" என்ற சொற்களை நான் விடவே மாட்டேன். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட்டால் குடும்பம், வருமானம், உடல்நலம் எல்லாம் நடுவில் புகுந்துவிடும். ஒருவரை அவரோடே ஒப்பிட்டால் அவற்றில் பெரும்பகுதி தானே விலகிவிடும்.

அடுத்தது, தரவைத் தொடுவதற்கு முன் பகுப்பாய்வுத் திட்டத்தை எழுதித் தேதியோடு பதிவுசெய்வது. ஆய்வுத் திட்டங்களைப் பதிந்துவைக்க உதவும் ஓப்பன் சயின்ஸ் ஃப்ரேம்வொர்க் தளத்தில் இதை இலவசமாகச் செய்யலாம். இதை வெறும் சடங்காக நினைக்கும் மாணவர்களிடம் 2018இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்வேன். கால்பந்து நடுவர்கள் கருந்தோல் கொண்ட வீரர்களுக்குச் சிவப்பு அட்டையை அதிகம் காட்டுகிறார்களா என்ற கேள்வியோடு ஒரே தரவு 29 குழுக்களுக்குக் கொடுக்கப்பட்டது. 20 குழுக்கள் புள்ளியியல்படி உறுதியாக "ஆம்" என்றன. 9 குழுக்களுக்கு அப்படி உறுதி கிடைக்கவில்லை. யாரும் ஏமாற்றவில்லை, நியாயமான முடிவுகளைத்தான் ஆளுக்கொரு விதமாக எடுத்தார்கள். தரவைப் பார்த்த பிறகு அந்த முடிவுகளை எடுத்தால், நமக்குப் பிடித்த பதிலின் பக்கம் நம் கை தானாகச் சாயும். ஆகவே திட்டத்தில் "எந்த முடிவு வந்தால் என் கருதுகோள் தவறு என்று ஒப்புக்கொள்வேன்" என்றும் ஒரு வரி வேண்டும். அந்த வரி இல்லாத திட்டத்தில் நான் கையெழுத்திடுவதில்லை.

எத்தனை பேரிடம் தரவு எடுப்பது? வெளியான கட்டுரையில் உள்ள விளைவின் அளவை அப்படியே நம்பிக் கணக்குப் போடாதீர்கள். 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது 36% தான் மறுபடி உறுதியாயின, விளைவும் சராசரியாகப் பாதிக்குக் குறைந்தது. மக்களின் தேர்வை மெல்லத் திசைதிருப்பும் நட்ஜ் சோதனைகளிலும் இதே கதைதான். ஆய்விதழ்களில் வந்தவை சராசரியாக 8.7 சதவீதப் புள்ளி மாற்றம் காட்டின. அமெரிக்காவில் இரண்டு நட்ஜ் குழுக்கள் நடத்திய 126 சோதனைகளை எதையும் விடாமல் சேர்த்துப் பார்த்தால் 1.4 தான். பலன் தராத சோதனைகள் அச்சுக்கே வராமல் போவது இதற்குப் பெரிய காரணம். அதனால் கட்டுரை சொல்லும் அளவில் பாதியை வைத்து மாதிரி அளவைக் கணக்கிடுங்கள். அவ்வளவு பேர் கிடைக்காவிட்டால் கேள்வியைச் சுருக்குங்கள். அல்லது பல நாட்டு மக்களின் மதிப்பீடுகளைக் கேட்டறியும் வேர்ல்ட் வேல்யூஸ் சர்வே போன்ற, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த தரவில் பதில் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

"அந்த நாட்டில் செய்ததை எங்கள் மக்களிடம் செய்யப்போகிறேன்" என்று வருபவர்களும் உண்டு. உளவியல் ஆய்வுகளில் மேற்கத்தியப் பல்கலைக்கழக மாணவர்களே நிரம்பியிருப்பதை 2010இல் ஆய்வாளர் ஜோசப் ஹென்ரிக்கின் குழு எடுத்துக்காட்டிய பிறகு இதற்கு வலுவான நியாயம் இருக்கிறது. ஆனாலும் முடிவு ஏன் மாறக்கூடும் என்று முன்கூட்டியே ஒரு காரணம் சொல்லத் தெரிய வேண்டும். இடம் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2018இல் 36 நாடுகளிலும் பகுதிகளிலும் 28 ஆய்வுகளைத் திரும்பச் செய்தபோது பாதிதான் நின்றது, ஆனால் இடத்துக்கு இடம் வேறுபாடு எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது.

இப்போது புதிதாக வந்திருக்கும் ஆசை, மனிதர்களுக்குப் பதில் சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளிடமே கேள்வித்தாளைக் கொடுத்துவிடுவது. முன்னோட்டத்துக்கு, கேள்வியின் குழப்பத்தைக் கண்டுபிடிக்க, அது உதவும். முடிவுக்கு உதவாது. அந்தப் பதில்களில் மனிதர்களுக்குள்ள அளவு வேறுபாடு இல்லை, கேள்வியின் சொல்லைக் கொஞ்சம் மாற்றினாலும் பதில் நகர்கிறது. நாம் படிக்க வந்ததே மனிதர்களை அல்லவா? ஐந்தாறு பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். கேள்வித்தாளைத் திருத்த அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இவ்வளவும் முடித்துவிட்டு உங்கள் நெறியாளரிடம் ஒரே ஒரு தாளோடு போங்கள். மேலே சண்டை என்னவென்று மூன்று வரி, அதற்குக் கீழே உங்கள் கேள்வி, அப்புறம் எதை அளப்பீர்கள், எந்தக் கருவியைக் கொண்டு அளப்பீர்கள், எத்தனை பேர், ஒப்புதல் எப்படிப் பெறுவீர்கள், எந்த முடிவு வந்தால் உங்கள் கருத்தைக் கைவிடுவீர்கள். அதற்கு மேல் எழுத வேண்டாம், பேச்சு அங்கிருந்து தொடரட்டும்.