கொரிய மலிவுக் கட்டண விமான நிறுவனமொன்றின் வளர்ச்சியை ஆராயும் முறை

வந்தாறுமூலையில் முகாமைத்துவம் கற்கும் மாணவர்கள் இறுதியாண்டு ஆய்வுக்கு வெளிநாட்டு நிறுவனமொன்றைத் தேடும்போது, தென்கொரியாவின் ஜெஜு எயாரை எடுத்துக்கொள்ளுமாறு நான் சொல்வதுண்டு. எங்கள் ஊர்களிலிருந்து அந்நாட்டுக்கு வேலைக்குச் சென்றவர்கள் இருப்பதால் கொரியா நமக்கு அந்நியமான பெயரன்று. ஆயினும் எனக்குக் கிடைக்கும் வரைவுகள் பலவற்றின் முதற் பக்கத்திலேயே "குறைந்த கட்டணமே இந்நிறுவனத்தின் உபாயம்" என்ற வசனம் வந்து விடுகிறது. கட்டணத்தை யார் வேண்டுமானாலும் குறைக்கலாம். குறைத்த பின்னும் நிலைத்து நிற்க முடிந்தது எதனால் என்பதே ஆய்வுக்குரிய கேள்வி.

முதலில் வரைபடத்தை விரித்து வழித்தடத்தைப் பாருங்கள். ஜெஜு ஒரு தீவு. தலைநகர் சியோலின் கிம்போ விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 450 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அத்தீவுக்குப் புகையிரதம் இல்லை. தென்கரைத் துறைமுகங்களுக்குப் போய்க் கப்பலேறினால் பயணத்துக்குப் பல மணித்தியாலங்கள் எடுக்கும், விமானத்திலோ ஒரு மணித்தியாலம் போதும். 2004 ஏப்ரலில் அதிவேகப் புகையிரதம் ஓடத் தொடங்கியதும் நிலப்பரப்பிலிருந்த குறுகிய விமான வழித்தடங்கள் பயணிகளை இழந்தன, ஆனால் கடலுக்கு அப்பாலிருந்த ஜெஜுவை அந்தப் போட்டி தொடவில்லை. இதை நம் ஊரோடு ஒப்பிடுங்கள்: மட்டக்களப்பு விமான நிலையம் 2018 மார்ச்சில் சிவில் பறப்புகளுக்குத் திறக்கப்பட்டபோதும், கொழும்புக்குச் செல்லும் நம்மவர்களில் மிகப் பெரும்பாலோர் இன்றும் இரவுப் புகையிரதத்திலோ பஸ்ஸிலோதான் போகின்றனர். மாற்று வழி இருக்கும் இடத்தில் மலிவு விமானம் வேர் பிடிப்பது கடினம் என்பதை இவ்வொப்பீடு தெளிவாகக் காட்டும். தீவு மக்களின் பயணத் தேவையை உணர்ந்த ஜெஜு மாகாண நிருவாகமே, எக்யுங் என்ற வணிகக் குழுமத்துடன் பங்காளராகச் சேர்ந்து 2005 இல் இந்நிறுவனத்தை உருவாக்கியது என்பதையும் இவ்விடத்தில் எழுதுங்கள்.

இரண்டாவதாக, விமான வகையை ஆராயுங்கள். 2006 ஜூனில் சேவை தொடங்கியபோது இந்நிறுவனம் பயன்படுத்தியவை எண்பதுக்கும் குறைவான இருக்கைகள் கொண்ட கியூ400 என்ற முன்சுழலி (புரோபெல்லர்) விமானங்கள். பின்னர் அவற்றைக் கைவிட்டு, 189 பேர் வரை அமரக்கூடிய போயிங் 737-800 என்ற ஒரே வகைக்கு மாறியது. ஒரே வகையென்றால் விமானிகளுக்கு ஒரே பயிற்சி, உதிரிப்பாகங்களுக்கு ஒரே களஞ்சியம், ஒரு விமானம் பழுதானால் அதன் இடத்தில் எந்த விமானத்தையும் நிறுத்தும் வசதி ஆகியன கிடைக்கும். ஒரே பறப்பின் செலவு கூடுதலான பயணிகளிடையே பகிரப்படுவதால் இருக்கையொன்றுக்கான அலகுக் கிரயமும் இறங்கும். இங்கே நிலையான கிரயத்தையும் மாறுங்கிரயத்தையும் தனித்தனியாகப் பிரித்து அட்டவணையிடாத கட்டுரையை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

மூன்றாவது கட்டம்தான் உபாயத்தின் இதயம் என்று நான் கருதுகிறேன்: ஒரு விமானம் நாளொன்றுக்கு எத்தனை மணித்தியாலம் வானில் இருக்கிறது என்று கணக்கிடுங்கள். கல்முனையிலிருந்து இரவில் புறப்படும் பஸ் பகல் முழுவதும் கொழும்பில் தரித்து நின்றாலும் அதன் லீசிங் தவணை நிற்பதில்லை என்பது நமக்குத் தெரியும். விமானத்துக்கும் அதே கணக்குத்தான். கிம்போவில் இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை பறப்புகளுக்குத் தடை உண்டு, சியோலுக்கு அருகிலுள்ள இன்சொன் சர்வதேச விமான நிலையமோ இருபத்துநான்கு மணித்தியாலமும் இயங்குவது. ஆகவே கொரிய மலிவு நிறுவனங்கள் பகலில் உள்நாட்டிலும் ஜப்பானுக்கும் பறந்து, மாலையில் வியட்நாம், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளுக்குப் புறப்பட்டு விடியற்காலையில் திரும்பும் வகையில் அட்டவணை அமைக்கின்றன. ஒரு வாரத்துப் பறப்பு அட்டவணையைக் கையால் எழுதிப் பார்க்கும் மாணவருக்கு இது தானாகவே விளங்கும்.

பயணப்பொதி, இருக்கைத் தெரிவு, உணவு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் அறவிடுவதை ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம். எல்லா மலிவு நிறுவனங்களும் அதைச் செய்கின்றன.

அடுத்து, அதிர்ச்சிகளைப் பட்டியலிடுங்கள். 2017 இல் சீனா கொரியாவுக்கான குழுச் சுற்றுலாக்களை நிறுத்தியது. 2019 இல் ஜப்பானுடனான வர்த்தகப் பிணக்கு அந்நாட்டுக்குச் சென்ற கொரியப் பயணிகளைக் குறைத்தது. 2020 இல் பெருந்தொற்று வந்தது. எரிபொருளுக்கும் குத்தகைக்கும் டொலரில் செலுத்தி, வருமானத்தைப் பெரும்பாலும் கொரிய நாணயமான வொன்னில் பெறும் நிறுவனத்துக்கு நாணயமாற்று வீதமும் ஓர் ஓயாத ஆபத்து. 2022 இன் பொருளாதார நெருக்கடியைக் கடந்து வந்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. 2018 இல் 40 போயிங் 737 மாக்ஸ் 8 விமானங்களுக்குக் கட்டளையிட்டு, குத்தகையிலிருந்து சொந்தக் கொள்வனவுக்கு நகர முனைந்ததை இந்தப் பின்னணியில் வைத்து மதிப்பிடுங்கள். ஒப்பீட்டுக்கு இன்னொரு கொரிய மலிவு நிறுவனமான டீவே எயாரை எடுக்கலாம்: கொரியாவின் பெரிய விமான நிறுவனங்களான கொரியன் எயாரும் ஏசியானாவும் ஒன்றாக இணைவதற்கு ஐரோப்பிய ஆணையம் விதித்த நிபந்தனையின் பயனாக அது 2024 இல் பாரிஸ், ரோம், பார்சிலோனா, பிராங்க்பர்ட் வழித்தடங்களைப் பெற்று, நீண்ட தூரம் பறக்கும் அகன்ற உடல் விமானங்களுடன் வேறொரு பாதையில் சென்றது.

இறுதி அத்தியாயம் பாதுகாப்புப் பற்றியதாக இருக்க வேண்டும். 2024 டிசம்பர் 29 அன்று முவான் விமான நிலையத்தில் இந்நிறுவனத்தின் விமானம் விபத்துக்குள்ளாகி, அதிலிருந்த 181 பேரில் 179 பேர் உயிரிழந்தனர். விபத்தின் காரணத்தை வணிக உபாயத்தோடு ஊகமாக முடிச்சுப் போடாதீர்கள். அது விசாரணையாளர்களின் பணி, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நாம் காட்டக்கூடிய மரியாதையும் அதுவே. ஆனால் அதன் பின்னர் நிறுவனம் இயக்கத்தின் உறுதிப்பாட்டுக்காகப் பறப்புகளைக் குறைத்தது என்பது வணிகத் தீர்மானம், அதை ஆராயலாம். ஆகவே மூன்றாம் கட்டத்தில் தயாரித்த மணித்தியால அட்டவணையை மீண்டும் எடுத்து, 2025 இன் முதல் மாதங்களுக்கென்று தனியான நிரலொன்றைச் சேர்த்து, குறைந்த ஒவ்வொரு பறப்பும் அலகுக் கிரயத்தை எவ்வளவு உயர்த்துகிறது என்று கணித்து எழுதுங்கள்.