அன்சாக் பிஸ்கட்: கதை தெரிந்து செய்யுங்கள்

ஏப்ரல் 25 நெருங்கினால் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பல வீடுகளில் அன்சாக் பிஸ்கட் என்ற ஓட்ஸ் பிஸ்கட்டைச் சுடத் தொடங்கிவிடுவார்கள். முதல் உலகப் போரின்போது, 1915-இல் அதே நாளில்தான் 'அன்சாக்' எனப்பட்ட இரு நாட்டுக் கூட்டுப் படை துருக்கியின் கலிப்பொலியில் கரையிறங்கியது. எட்டு மாதம் போராடி, ஆஸ்திரேலியரில் மட்டும் 8,000 பேருக்கு மேல் பலியான பிறகு பின்வாங்க வேண்டியதாயிற்று. அந்தப் படையின் பெயரைத் தாங்கிய பண்டம் இது, அதனால் கதையையும் சரியாகத் தெரிந்துகொண்டு செய்வதுதான் நியாயம்.

வீட்டுப் பெண்கள் இதைச் சுட்டுக் கப்பலில் போர்முனைக்கு அனுப்பினார்கள் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் கலிப்பொலியில் வீரர்களுக்குப் படியளந்தது இந்த பிஸ்கட் இல்லை. மாவையும் தண்ணீரையும் பிசைந்து காயக்காயச் சுட்ட சதுரக் கட்டி அது, பல்லைப் பதம் பார்க்கும் அளவுக்குக் கடினம், அதனால் அதைப் பொடித்துக் கஞ்சியாக்கித் தின்றவர்கள் உண்டு, அதன் மேலேயே செய்தி எழுதி வீட்டுக்குத் தபாலில் அனுப்பியவர்களும் உண்டு. ஓட்ஸ் பிஸ்கட்டோ பெரும்பாலும் உள்ளூரிலேயே, போர் நிதி திரட்ட நடந்த விழாக்களில் விற்றுப்போனது. முன்னணிக்குப் போகாத பெண்களின் உழைப்பு அதில் இருக்கிறது, அதை நாம் மறந்துவிடக் கூடாது.

சரி, செய்முறைக்கு வருவோம். ஒரு கப் ஓட்ஸ் (உடனடி ஓட்ஸ் வேண்டாம், தட்டையான பெரிய ஓட்ஸ்தான் சரி), ஒரு கப் மைதா, முக்கால் கப் பழுப்புச் சர்க்கரை, முக்கால் கப் உலர் தேங்காய்த் துருவல், இவற்றைப் பெரிய பாத்திரத்தில் கலந்து வையுங்கள். பழைய குறிப்புகள் பலவற்றில் தேங்காய் கிடையாது, பின்னால் வந்து சேர்ந்ததுதான். முட்டை சேர்க்கவே கூடாது; மாவைப் பிடித்து நிறுத்துவது கோல்டன் சிரப், அதாவது கரும்புச் சர்க்கரையிலிருந்து வரும் தேன் நிறப் பாகு.

125 கிராம் வெண்ணெயையும் இரண்டு மேசைக்கரண்டி கோல்டன் சிரப்பையும் சிறு தீயில் உருக்குங்கள். ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவை இரண்டு மேசைக்கரண்டி கொதிநீரில் கரைத்து அதில் ஊற்றியதும் மொத்தமும் வெளிர்மஞ்சள் நுரையாகப் பொங்கி மேலே வரும், ஆகவே உருக்கும் பாத்திரம் கொஞ்சம் ஆழமாக இருக்கட்டும். நுரை அடங்கும் முன்பே மாவில் கொட்டிக் கிளறிவிடுங்கள். உதிரியாக இருந்தால் ஒரு கரண்டி வெந்நீர் போதும்.

எலுமிச்சை அளவு உருண்டைகளாக்கி, தட்டில் நன்றாக இடம் விட்டு வைத்து லேசாக அழுத்துங்கள், சூட்டில் பரவும். ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் 12 நிமிடம் வைத்தால் நடுவில் மெத்தென்று இருக்கும், 15 நிமிடம் என்றால் மொறுமொறுப்பு. எது சரி என்று அங்கே இன்னும் சண்டைதான். எனக்கு மெத்தென்று இருப்பதே பிடிக்கும். ஓவனிலிருந்து எடுக்கும்போது தொட்டால் குழையும், வேகவில்லை என்று நினைத்துத் திரும்ப உள்ளே வைக்காதீர்கள், ஆறினால் தானாக இறுகிவிடும். அப்புறம் காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் ஒரு வாரத்துக்கு மேலும் தாங்கும்.

விற்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஆஸ்திரேலியாவில் 'அன்சாக்' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வழக்கமான செய்முறையிலிருந்து பெரிதாக விலகக் கூடாது, 'குக்கீ' என்று பெயர் போடவும் கூடாது. சாக்லேட் துண்டு போட ஆசையா, தாராளமாகப் போடுங்கள், ஆனால் வேறு பெயரில் விற்றுக்கொள்ளுங்கள்.