ரெண்டு பொண்ணுங்க காதல் கதை எழுதப் போறீங்களா? எழுதுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நம்ம ஊர்ல ரெண்டு பொண்ணுங்க கைகோத்து நடந்தா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ஒரே ரூம், ஒரே பாய், ஒரே ஸ்கூட்டி, இவ சுடிதாரை அவ போட்டுக்கிறது, எதுவுமே யாருக்கும் உறுத்தாது, "அவளோட ஃப்ரெண்டு"ன்னு சொல்லி முடிச்சிருவாங்க. ஒரு பையன் கூட தெருமுனைல அஞ்சு நிமிஷம் நின்னா தான் வீட்டுக்கு நியூஸ் போகும். ஆனா புதுசா எழுதுற நிறைய பேரு பழைய ஆண் பெண் காதல் கதையை எடுத்து ஹீரோ பேரை மட்டும் பொண்ணு பேரா மாத்திடுறாங்க, பார்க்ல ஒளிஞ்சு மீட் பண்றது, சித்தப்பா பாத்துட்டு வந்து போட்டுக் குடுக்கிறதுன்னு. ஒட்டவே ஒட்டாதுங்க. யார் கண்ணுலயும் படாமலே பல வருஷம் குடும்பம் நடத்துறாங்க பாருங்க, இந்தக் கதையோட வலியே அங்க தான் இருக்கு. அதை விட்டுட்டு வேற எங்க தேடுனாலும் கிடைக்காது.

அதனால முதல் சந்திப்பு, மழை, கண்ணும் கண்ணும் எல்லாம் வேணாம். அவங்க ஏற்கனவே சேர்ந்து வாழ்ந்துட்டு இருக்கிற இடத்துல கதையை ஆரம்பிங்க. உதாரணத்துக்கு திருப்பூர்னு வெச்சுக்கலாம். தேனி பக்கத்துலருந்து வந்த மல்லிகா பனியன் கம்பெனில ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுறா, திண்டுக்கல்லுலருந்து வந்த ஜோதி அங்கயே தச்ச துணியை சரிபாக்கிற செக்கிங்ல இருக்கா, ஹாஸ்டல்ல பழகி இப்ப லைன் வீட்டுல ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருக்காங்க. கம்பெனில "மல்லிகாக்கா", ரூம் கதவைச் சாத்துனதும் "ஏய் மல்லி". இந்த ஒரு மாத்தமே வாசகருக்கு பாதி விஷயத்தை சொல்லிடும், நீங்க தனியா "அவர்கள் காதலித்தார்கள்"னு எழுத வேண்டியதில்ல.

நெருக்கத்தை எழுதும்போது தான் நிறைய பேரு சறுக்குறாங்க. இடுப்பு, கூந்தல், உதடுன்னு ஆரம்பிச்சா அது பழைய வாரப்பத்திரிகை ஆம்பளை பாக்குற பார்வை தான், எழுதுறது பொண்ணா இருந்தாலும் அப்படித்தான் வந்து நிக்குது. அதுக்கு பதிலா வேலை செய்ற உடம்பை எழுதுங்க. நைட்டு எட்டரைக்கு ஒன்றரை ஷிஃப்ட் முடிச்சுட்டு மல்லிகா வர்றா, புருவம் இமை எல்லாம் பஞ்சு. ஜோதி அவளை லைட்டுக்கு நேரா உக்கார வெச்சு ஒவ்வொரு இழையா எடுத்து விடுறா, "கண்ணை மூடுடி, ஆட்டாத"ங்கிறா. மல்லிகா அப்படியே தூங்கிப் போறா. இதுல இருக்கிற ஆசை முத்தக் காட்சில கூட வராது. முத்தம் கூடாதுன்னு நான் சொல்லல, தாராளமா எழுதுங்க, விளக்கை அணைச்சுட்டு ஜன்னல் வழியா நிலாவைக் காட்டுற வேலை மட்டும் வேணாம், ப்ளீஸ்.

அடுத்து கதையோட திருப்பம். அது பெரும்பாலும் மாப்பிள்ளை பாக்கிறதுல தான் வரும். அதுவரைக்கும் பாதுகாப்பா இருந்த அந்த "ஃப்ரெண்டு" அன்னைக்கு ஒண்ணுமே இல்லாத ஆளாயிடுவா. பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கு அவளையே புடவை கட்டி விடச் சொல்லுவாங்க, ஏன்னா ஃப்ரெண்டு தானே. பெரிய டயலாக் தேவையில்ல, ஹவுஸ் ஓனரம்மா பேசுற ரெண்டு வரி போதும்:

"ஏங்கண்ணு, அவளுக்குத் தான் மாப்பிள்ளை பாத்தாச்சாம்ல. நீ வேற யாராச்சும் புள்ளைய சேத்துக்க, தனியா வாடகை கட்ட முடியுமா?"

"பாத்துக்கலாங்க்கா."

அவ்ளோ தான். அந்தம்மா கெட்டவங்க இல்ல, அக்கறையாத் தான் கேக்குறாங்க. இங்க ஜோதியை கதறி அழ விட்டீங்கன்னா கதை கெட்டுப் போச்சு. அவ தண்ணி பிடிக்கப் போகட்டும்.

ஜாதியை விட்டுட்டு எழுதாதீங்க. ரெண்டும் பொண்ணுங்க தானேன்னு ஊர் சும்மா இருக்கும்னு நினைச்சா தப்பு, வீடு குடுக்கும்போதே "நீங்க எந்த ஆளுங்க"ன்னு சுத்தி வளைச்சு கேப்பாங்க, ஒருத்தி ஒண்ணு சொல்லணும், இன்னொருத்தி அதுக்கு ஒத்து ஊதணும். அம்மா ஊருலருந்து வந்தா எந்த தட்டுல சாப்பிடுவாங்கங்கிறது கூட ஒரு சீன் தான். அம்மான்னதும் ஞாபகம் வருது, அம்மாவை வில்லியாக்குறது ரொம்ப ஈஸி, ஆனா பல வீட்டுல அம்மாவுக்கு ஏதோ புரிஞ்சிருக்கும், புரியாத மாதிரியே இருப்பாங்க. அதை எழுதுங்க, கஷ்டம் தான்.

சட்டம் தெரியாம போலீஸ் சீன் எழுதாதீங்க. 2018 செப்டம்பர் 6 அன்னைக்கு சுப்ரீம் கோர்ட் இந்திய தண்டனைச் சட்டத்தோட 377ஆவது பிரிவுல, வயசு வந்த ரெண்டு பேரோட ஒருமித்த உறவை, ஒரே பாலா இருந்தாலும், குற்றமில்லைன்னு சொல்லிடுச்சு, அதனால "உள்ள தூக்கி வெச்சிருவேன்"னு எஸ்.ஐ. மிரட்டலாம், ஆனா அந்த சட்டத்துல கேஸ் போட முடியாது. 2021ல மதுரைலருந்து சென்னைக்கு வந்த ரெண்டு பெண்கள் வழக்குல, வீட்ல காணோம்னு கம்ப்ளைண்ட் குடுத்திருந்தாங்க, சென்னை ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இந்த விஷயம் சரியா புரியணும்னு ஒரு உளவியல் நிபுணர்கிட்ட போய் உக்காந்து கேட்டுட்டு வந்து தீர்ப்பு சொன்னார். ரெண்டு பேரும் மேஜர், விருப்பப்பட்டு தான் இருக்காங்கன்னு தெரிஞ்சா வாக்குமூலம் வாங்கிட்டு தொல்லை குடுக்காம கம்ப்ளைண்டை முடிக்கணும்னு போலீசுக்கு அதுல உத்தரவு இருக்கு. கல்யாணம் பண்ற உரிமை மட்டும் கிடைக்கல, 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் மறுத்திருச்சு, ஸோ ரெஜிஸ்டர் ஆபீஸ் கிளைமாக்ஸ் வேணாம்.

2025 மே மாசம் சென்னை ஹைகோர்ட்ல வந்த ஒரு தீர்ப்பையும் தேடிப் படிங்க. 25 வயசு பொண்ணை வீட்டுல அடைச்சு வெச்சுட்டாங்கன்னு அவளோட துணை ஆட்கொணர்வு மனு போடுறாங்க, அந்த மனுவுல கூட தன்னை நெருங்கிய தோழின்னு தான் சொல்லிருந்தாங்க, அந்தத் தயக்கம் எங்களுக்குப் புரியுதுன்னு நீதிபதிகள் தீர்ப்புலயே சொன்னாங்க. கல்யாணம் மட்டுமே குடும்பத்துக்கு வழி இல்ல, நாமளா தேர்ந்தெடுத்துக்கிற குடும்பமும் குடும்பம் தான்னும் சொன்னாங்க. கோர்ட்டு படி ஏறும்போதும் தோழின்னு தான் எழுத வேண்டியிருக்கு பாருங்க. ஒரு முழு கதை அதுக்குள்ள இருக்கு.

முடிவு பத்தி ஒண்ணே ஒண்ணு, தயவுசெஞ்சு சாகடிக்காதீங்க. கிணறு, தண்டவாளம், விஷம்னு எழுதி எழுதி இந்த மாதிரி காதல்னாலே சாவு தான்னு ஆக்கி வெச்சிருக்கோம், பதினெட்டு வயசுல ஒருத்தி போன் வெளிச்சத்துல இதைப் படிப்பாங்கிறதை மறந்துட்டு. அதுக்காக எல்லாரும் கட்டிப்பிடிச்சு சுபம் போடவும் வேணாம். மல்லிகா ஊருக்குப் போய் பத்து நாள் ஆச்சு, சனிக்கிழமை சம்பளத்துல பாதியை ஜோதி வழக்கம் போல ரெண்டு பேரும் பணம் சேத்து வெக்கிற டப்பாவுல போடுறா, அடுத்த மாச வாடகையை ரெண்டு பேர் கணக்குல தான் குடுக்கிறான்னு நிறுத்தலாம். வருவாளா மாட்டாளான்னு நீங்க சொல்லணும்னு கட்டாயம் இல்ல.

எழுதி முடிச்சதும் இப்படி வாழ்ற ஒரு பொண்ணு கிட்டயாவது படிக்கக் குடுங்க, அவ "இப்படி யாரும் பேச மாட்டோம்"னு சொன்ன வரியை வாதாடாம வெட்டுங்க. தெரிஞ்சவங்க வாழ்க்கையை எடுத்திருந்தா அவங்க கிட்ட கேட்டுட்டு ஊர், வேலை, வயசு எல்லாத்தையும் மாத்துங்க, கம்பெனி பேரை வெச்சே ஆளை கண்டுபிடிச்சிருவாங்க. உங்க சொந்தக் கதைன்னா புனைபேர் வெச்சுக்கோங்க, டிராஃப்டை வீட்ல எல்லாரும் யூஸ் பண்ற போன்ல வெக்காம தனி மெயில் ஐடில போட்டு வைங்க, "இது உன் கதையா"ன்னு யாராவது கேட்டா பதில் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்.